புதன்கிழமை டப்பா

காலையில் எழுந்ததும் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பேன். வந்தால் குடத்தைப் பிடித்து வைப்பேன். அரிசியைக் களைந்து உலையில் போடுவேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்பது கைக்கு இன்னும் பழகவில்லை. மிஞ்சுவதில் தண்ணீர் ஊற்றி வைப்பேன். குளித்துவிட்டு, முதல் நாள் தண்ணீர் ஊற்றியதை மோர் விட்டுக் கரைத்துக் குடிப்பேன். அன்றைக்கு வடித்ததை மூடி வைத்துவிட்டுக் கதவைப் பூட்டுவேன். எல்லா நாளும் இதுதான். புதன்கிழமை என்றால் கூடுதலாக ஒரு வேலை உண்டு. பேராசிரியர் மதிவதனியின் காரைத் துடைக்க வேண்டும்.

கரந்தையில் நான் இருக்கும் தெருவிலிருந்து அவர் வீட்டுக்கு சைக்கிளில் போய்விடலாம். நான் போகும்போது அவர் வாசலில் தயாராக நிற்பார். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் எவர்சில்வர் டப்பா. இரண்டு பக்கமும் கிளிப் வைத்தது. மூடியில் ‘சா. மதிவதனி’ என்று பெயர் வெட்டியிருக்கும். அதே மாதிரி டப்பாக்கள் அவரிடம் பல உண்டு.

நான் எம்.காம். படித்தவன். கல்லூரியின் ஆராய்ச்சித் திட்டத்தில் எனக்குக் கள உதவியாளர் என்று பெயர். காரை ஓட்டுவேன். பேசுவதைப் பதிவு செய்து பிறகு தட்டச்சு செய்வேன். தமிழ்நிலா இறந்த பிறகு அவர் கொடுத்த வேலை. தமிழ்நிலா என் மனைவி.

பேராசிரியருக்கு அந்த மே மாதம் ஓய்வு. சமூகப்பணித் துறையில் ஒரு தலைமுறைக்கு மேல் பாடம் எடுத்தவர். காலையில் வகுப்பு. மதியத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் பேசுவார். குடிப்பவர்கள், குடிப்பவர்களின் மனைவிகள், பூச்சிமருந்தைக் குடித்துப் பிழைத்தவர்கள். மிச்ச நேரம் ஆராய்ச்சி. ஒரு சாவுக்குப் பிறகு டெல்டா கிராமத்து வீடுகளில் என்ன நடக்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. கருமாதி வரைக்கும் வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது. கருமாதி முடிந்த மறுநாள் பந்தல்காரன் கூட வரமாட்டான். பயப்பட வேண்டிய நாட்கள் அதற்குப் பிறகுதான் என்பார்.

போகிற வீட்டில் தன் மதியச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிடுவார். காலி டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு வருவார். அடுத்த புதன்கிழமை போய் எடுத்துக்கொண்டு, இன்னொன்றை வைத்துவிட்டு வருவார். அவருடைய வைத்தியத்தில் பாதி இதுதான்.

வகுப்பில் செம்மொழி என்ற மாணவி ஒருநாள் எழுந்து கேட்டாள். நான் பின்பெஞ்சில் ரெக்கார்டரோடு இருந்தேன்.

“மேடம், எதுக்கு டப்பாவ விட்டுட்டு வர்றீங்க?”

“துக்க வீட்லேருந்து கெளம்பறப்ப என்ன சொல்லிட்டுக் கெளம்புவீங்க?”

“எதுவும் சொல்லக் கூடாது மேடம். போயிட்டு வர்றேன்னு சொன்னா இன்னொரு சாவுக்கு வர்றேன்னு ஆயிடும். பேசாம எந்திரிச்சு வந்துடணும்.”

“அப்ப அந்த வீட்டு மனுசிக்கு நம்ம திரும்ப வருவோமா மாட்டோமான்னு எப்படித் தெரியும்? டப்பா அங்க கெடந்தா தெரியும். அடுத்தவங்க பாத்திரம் நம்ம வீட்ல இருந்தா கழுவாம வைப்போமா?”

“மாட்டோம்.”

“வெறும் பாத்திரமாத் திருப்பிக் கொடுப்போமா?”

“மாட்டோம் மேடம். கொஞ்சம் சீனியாவது போட்டுத்தான் எங்கம்மா குடுக்கும்.”

“அந்தச் சீனிய அள்ளிப் போட என்னைக்கு அந்தக் கை நீளுதோ, அன்னைக்கு நான் கொஞ்சம் நல்லாத் தூங்குவேன்.”

“இது எந்த தியரி மேடம்?”

“எங்கம்மா தியரி.”

வகுப்பு சிரித்தது. பரீட்சையில் வருமா என்று ஒருவன் கேட்டான். “பரீட்சையில வராது, வேலையில வரும்” என்றார். இதைப் பற்றி எழுதி ஒரு வெளிநாட்டு இதழுக்கு அனுப்பியிருந்தார். அந்தக் கருவியின் நம்பகத்தன்மை சோதிக்கப்பட்டதா என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நான்தான் வாசித்துக் காட்டினேன். “ஒழுகாதுன்னு எழுதிடலாமா இளவழகன்?” என்றார்.

மாசி மாதம் ஒருநாள் அவர் போனுக்கு ஒரு பெண் பேசினாள். கார் ஓடிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

“மேடம், நான் குந்தவை. உங்க காலேஜ்ல பி.எஸ்சி. படிச்சேன். கேம்ப்ல வந்து பேசுனீங்க. இப்ப சென்னையில வேலை பாக்குறேன். அப்பா இறந்துட்டாங்க. கருமாதி முடிஞ்சிருச்சு. லீவு முடியப்போவுது. அம்மாவ ஒண்டியா விட்டுட்டுப் போவ பயமா இருக்கு.”

“ஏன் பயம்?”

“நேத்து சாயந்திரம் கொல்லையில மாடத்துக்கிட்ட நின்னுக்கிட்டு இருந்தாங்க. வயலுக்கு அடிக்கிற மருந்தெல்லாம் அங்கதான் இருக்கும். என்னம்மான்னேன். சும்மா நிக்கிறேன்னாங்க.”

“மருந்து இப்ப எங்க இருக்கு?”

“அங்கேயேதான் மேடம்.”

“பக்கத்துல யாரு இருக்கா?”

“சித்தப்பா வீடு அடுத்த வீடு.”

“போன வைக்காத. போயி எல்லாத்தையும் எடுத்து அவர்கிட்ட கொடு. பூட்டி வைக்கச் சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்.”

கதவு திறக்கும் சத்தம், கோழி ஓடும் சத்தம், டின்கள் இடிபடும் சத்தம் எல்லாம் காருக்குள் கேட்டது. நான் ஓரமாக நிறுத்தினேன். கடைசியில் ஒரு பூட்டு விழுந்தது. “பூட்டியாச்சு மேடம்” என்றாள் குந்தவை. அதற்கப்புறம்தான் அவர் அம்மாவின் பெயரையும் ஊரையும் கேட்டார்.

ஊர் குடவாசலைத் தாண்டி, வடக்குவெளி. அம்மா தர்மாம்பாள். இறந்தவர் வைத்தியலிங்கம். சம்பா அறுவடையில், மெஷின் வயலில் ஓடிக்கொண்டிருந்தபோது வரப்பில் நின்றவர் அப்படியே சாய்ந்திருக்கிறார். தூக்கி வந்து காரில் ஏற்றும்போதே உயிர் இல்லை.

முதல் புதன்கிழமை போனபோது சாலையோரமெல்லாம் நெல்லைக் கொட்டிக் காயப் போட்டிருந்தார்கள். கொள்முதல் நிலையத்தில் சாக்கு வரவில்லை என்று கும்பலாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். வைக்கோல் கட்டும் மெஷின்கள் ஓடின. அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து பச்சையாகத் தலை எடுத்திருந்தது. அறுப்புக்குச் சில நாள் முன்னால், நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். நெல் போன பிறகு, வயலில் இருக்கும் ஈரத்திலும் பனியிலும் அது வளர்ந்துவிடும்.

வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ராஜ்குமார் உட்கார்ந்திருந்தார். இறந்தவரின் தம்பி. எழுந்து கும்பிட்டார்.

“துக்கம் கேக்க செவ்வா வெள்ளியில வருவாங்க. மேடம் புதன்கிழமை வந்திருக்கீங்க.”

“நான் துக்கம் கேக்க வரலங்க. தர்மாம்பாவப் பாக்க வந்தேன்.”

பெயரைச் சொன்னதும் அவர் புருவம் ஏறியது.

“மேடத்துக்கு எந்த ஊரு?”

“இந்தப் பக்கம்தான். ஆத்தத் தாண்டுனா எங்க ஊரு.”

“அங்க எந்தத் தெரு?”

“கீழத்தெரு. சாமிதுரை மக. எங்கப்பா இந்த ஊருக்கு நாத்துப் பறிக்க வந்திருக்காரு. எங்கம்மா பொன்னுத்தாய் உங்க வயல்ல நடவு நட்டிருக்கு.”

ராஜ்குமார் வானத்தைப் பார்த்தார். மழை வருகிற மாதம் இல்லை அது.

“காபி ஏதாச்சும்...” என்றார்.

“சாப்பாடே கொண்டாந்திருக்கேன். தண்ணி மட்டும் போதும்.”

உள்ளே தர்மாம்பாள் கிரைண்டர் இருக்கும் மூலையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய உடம்பு. தலை வாரவில்லை. பேராசிரியர் எதிரில் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார். அவருக்கு முழங்கால் வலி. உட்காருவதே பெரிய வேலை. டப்பாவைத் திறந்து, எலுமிச்சம்பழச் சோற்றில் எனக்கு ஒரு பங்கை மூடியில் வைத்துக் கொடுத்தார். சாப்பிட்டோம். உப்பு கூடிப்போச்சு என்றார். ஆற்றில் தண்ணீர் எப்போது நின்றது என்று கேட்டார். மாடு கறக்கிறதா என்றார். எல்லாவற்றுக்கும் குந்தவைதான் பதில் சொன்னாள். தர்மாம்பாள் எங்களைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

டப்பாவைச் சுவரோரம் வைத்துவிட்டு, சொல்லாமல் எழுந்து வந்தோம். காரை எடுக்கும்போது ராஜ்குமார் ஓடிவந்தார்.

“மேடம், டப்பாவ விட்டுட்டீங்க.”

“விடலங்க. வச்சிட்டு வந்திருக்கேன். அடுத்த புதன்கிழமை எடுத்துக்குறேன்.”

“அத... யாரு கழுவுறது?”

“யாருக்குத் தோணுதோ அவங்க கழுவட்டும்.”

அடுத்த புதன்கிழமை டப்பா மாட்டுக்கொட்டகைச் சுவர் மேல் இருந்தது. கழுவவில்லை. மூடியைக் காக்காய் தள்ளிவிட்டிருந்தது. உள்ளே எறும்பு. குந்தவைக்கு அழுகை வந்துவிட்டது. “நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள வெளியில கொண்டாந்து வச்சிட்டாங்க மேடம். அதுக்கப்புறம் நானும் மறந்துட்டேன்.” யார் வைத்தார்கள் என்று அவள் சொல்லவில்லை. பேராசிரியரும் கேட்கவில்லை. அடிபம்பில் டப்பாவைக் கழுவி வெயிலில் கவிழ்த்தார். உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து, கொண்டு வந்த இன்னொன்றைத் திறந்தார். புளிச்சோறு, கொத்தவரங்காய்ப் பொரியல். சாப்பிட்டோம். காலி டப்பாவைச் சுவரோரம் வைத்தார். வந்துவிட்டோம்.

“இனிமே போவ வேணாம் மேடம்” என்றேன் காரில்.

“எனக்குக் கோவம் வரலைன்னு நெனைக்கிறியா? வந்துச்சு. நல்லாவே வந்துச்சு. ஆனா டப்பாவ வெளியில வச்சது தர்மாம்பா இல்ல. ஒரு பாத்திரத்தத் தூக்கி வெளியில வைக்கணும்னா அதுக்கும் ஒரு தெம்பு வேணும். அது கூட அவங்ககிட்ட இல்ல. அதுதான் எனக்குக் கவலை.”

கொஞ்ச தூரம் போன பிறகு, “அவங்களே தூக்கிப்போட்டிருந்தா சந்தோசப்பட்டிருப்பேன்” என்றார்.

மூன்றாவது புதன்கிழமை குந்தவை வாசலிலேயே நின்றாள். முகம் மாறியிருந்தது.

“மேடம், அம்மா டப்பாவக் கழுவி நெறச்சு வச்சிருக்காங்களாம்! நான் பேங்குக்குப் போயிருந்தேன். சித்தப்பா சொன்னாங்க.”

ராஜ்குமாரே டப்பாவைக் கொண்டு வந்து கொடுத்தார். திறந்தால் மெதுவடை. இன்னும் சூடு இருந்தது. எனக்கு நல்ல பசி. வடை ஓரத்தில் மொறுமொறுப்பாகவும் நடுவில் மிளகோடும் இருந்தது. ஒன்று தின்று இன்னொன்றை எடுத்தேன். பேராசிரியர் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நான் ஞாயித்துக்கிழமை ட்ரெயின் ஏறிடவா மேடம்? நீட்டுன லீவும் முடியப்போவுது. டிக்கெட் இருக்கு” என்றாள் குந்தவை.

“இரும்மா. உங்க வீட்ல எண்ணெய்ச் சட்டி எப்ப வச்சீங்க?”

குந்தவை சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். வருடம் திரும்பித் தலைத்திவசம் வரும் வரைக்கும் துக்க வீட்டு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. அப்பளம் கூடச் சுட்டுத்தான் போடுவார்கள். இது எனக்கே தெரியும். ஆனாலும் வடை வாயில் இருந்தது.

ராஜ்குமார் காலை மாற்றி நின்றார்.

“எங்க வீட்ல போட்டதுதான் மேடம். எங்க வீட்டுக்காரி போட்டா. அண்ணி பேருல கொடுத்தா என்ன குத்தம்? நீங்க பாட்டுக்கு வாராவாரம் வந்து வெறும் டப்பாவ எடுத்துட்டுப் போறீங்க. இந்த வீட்லேருந்து ஒருத்தரு வெறுங்கையாப் போறது எங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கு. நெறச்சுக் கொடுத்துட்டா நீங்களும் திருப்தியாயி வராம இருந்துருவீங்கன்னு...”

“சித்தப்பா!” என்றாள் குந்தவை.

பேராசிரியர் சிரித்துவிட்டார். உண்மையாகவே சிரித்தார்.

“வடை நல்லாருக்கும் போல. இளவழகன் மூஞ்சியப் பாத்தாலே தெரியிது. டப்பாவ யாரு கழுவுனது?”

“அவதான்” என்றார் ராஜ்குமார், அடிபம்பைப் பார்த்துக்கொண்டு.

“சரி. அந்த மருந்தெல்லாம் என்ன பண்ணுனீங்க?”

“பூட்டிதான் வச்சிருக்கேன். சாவி என் இடுப்பிலயே கெடக்கு. தூங்கறப்பவும் அவுக்கல.” வேட்டி மடிப்பை விலக்கி, அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த சாவியைக் காட்டினார்.

“பாத்தீங்களா? இந்த வீட்டுக்கு வேற யாராலயும் செய்ய முடியாததை நீங்க செய்றீங்க. அதுக்கு மேல வடை வேணாம்.”

அன்று நாங்கள் கிளம்பும்போது கார் கதவை ராஜ்குமார்தான் சாத்தினார்.

குந்தவை டிக்கெட்டை ரத்து செய்தாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கினாள். வீட்டுக்குள் சிக்னல் எடுக்கவில்லை. வயலில் மோட்டார் கொட்டகையில்தான் எடுத்தது. லேப்டாப்பை ஒரு உரமூட்டை மேல் வைத்து அமெரிக்காக்காரனோடு பேசுவதாகச் சொன்னாள். மோட்டார் போட்டால் அவனுக்கு இரைச்சல் கேட்கிறது, என்ன சத்தம் என்று கேட்கிறானாம்.

அதற்கடுத்த வாரம் டப்பா சுவரோரம் கழுவிக் கவிழ்த்திருந்தது. வெறும் டப்பாதான். பேராசிரியர் உட்புறத்தில் விரலால் தேய்த்துப் பார்த்தார். சாம்பல் போட்டுத் துலக்கியிருந்தது. குந்தவை, ராஜ்குமார் மனைவி இரண்டு பேருமே சோப்புப் போடுகிறவர்கள்.

அன்று கீரைச்சோறு. மூடியில் எனக்கு வைத்ததை நான் தின்றுகொண்டிருக்கும்போது தர்மாம்பாள் என்னைப் பார்த்தார்.

“தம்பிக்கு வூட்ல யாரு?”

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. பேராசிரியர் திரும்பவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“யாரும் இல்லங்க. வீட்ல போன வருசம் இறந்துட்டாங்க.”

“என்னவாம்?”

“காய்ச்சல்.”

“புள்ள?”

“இல்லங்க.”

“பொங்கித் திங்கிறது?”

“நானேதான்.”

தர்மாம்பாள் என் கையிலிருந்த மூடியைப் பார்த்தார். பிறகு, “வடிச்சா மிஞ்சுதா?” என்றார்.

“மிஞ்சுதுங்க.”

“எனக்கும். முந்தாநேத்து எந்திரிச்சு வடிச்சேன். அவுருக்கும் சேத்துப் போட்டுட்டேன். வடிச்சப்பறம்தான் பாக்குறேன்.”

அவ்வளவுதான். மறுபடி சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். காரில் பேராசிரியர், “எனக்கு இத்தன வருச சர்வீசு. அவங்க பேசுனது டிரைவர்கிட்ட” என்றார். கள உதவியாளர் என்று திருத்தினேன். வெகுநாள் கழித்து நான் சொன்ன முதல் நகைச்சுவை அதுவாக இருக்கலாம்.

பங்குனி நடுவில் வெயில் ஏறிவிட்டது. அந்தப் புதன்கிழமை நாங்கள் போனபோது வாசலில் யாரும் இல்லை. கதவு திறந்து கிடந்தது. கிரைண்டர் மூலை காலியாக இருந்தது. டப்பா மட்டும் சுவரோரம் கவிழ்ந்து இருந்தது. கொல்லையில் போய்ப் பார்த்தேன். மாடம் காலி. அடுப்பில் பால் பொங்கி வழிந்து காய்ந்திருந்தது.

நான் குந்தவைக்குப் போன் போட்டேன். மோட்டார் கொட்டகையிலிருந்து ஓடி வந்தாள். காதில் ஹெட்போன் அப்படியே இருந்தது.

“அம்மா உள்ளதானே இருந்தாங்க? நான் மீட்டிங்ல இருந்தேன். உள்ளதானே இருந்தாங்க?”

ராஜ்குமார் வந்தார். வந்ததும் முதலில் இடுப்பைத் தொட்டார். சாவி இருந்தது. அது இருந்தும் அவர் முகம் வெளுத்துப் போனது. “ஆத்துப் பக்கம் நான் போறேன். கெணத்த நீ பாரு தம்பி” என்றார். குந்தவை அம்மா அம்மா என்று கத்திக்கொண்டே தெருவில் ஓடினாள். நான் கிணற்றடிக்கு ஓடினேன். எட்டிப் பார்ப்பதற்கு முன்னால் கொஞ்சம் நின்றேன். ஆஸ்பத்திரியில் திரையை விலக்குவதற்கு முன்னால் அப்படி நின்றிருக்கிறேன். எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் வானம்தான் தெரிந்தது.

பேராசிரியர் குடையை ஊன்றிக்கொண்டு வாசலிலேயே நின்றார். ஓடவில்லை. அவரால் ஓட முடியாது. சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவர், “இளவழகன், இங்க ஒரு கூடை கெடந்துச்சே, காணும்” என்றார். “வயக்காட்டுப் பக்கம் போ.”

வாய்க்காலைத் தாண்டி வரப்பில் ஏறியதும் தெரிந்தது. வைத்தியலிங்கம் சாய்ந்த வயல். தாள் மக்கிப்போய், உளுந்து கறுத்துக் காய்த்து நின்றது. நடுவில் ஒரு முதுகு குனிந்திருந்தது. செடியைப் பிடுங்குவதும் வேரைத் தட்டி மண்ணை உதறுவதும் கும்பலாகப் போடுவதுமாக இருந்தது. கூடை வரப்பில் இருந்தது.

நான் கத்தினேன். எல்லாரும் வந்தார்கள். ராஜ்குமார் வரப்பிலேயே உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். குந்தவை வயலுக்குள் இறங்கி, அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

தர்மாம்பாள் நிமிர்ந்தார். முகமெல்லாம் வேர்வையும் புழுதியும்.

“என்னாடி? யாருக்கு என்னா? எதுக்கு எல்லாரும் இப்புடி ஓடியாரீங்க?”

“சொல்லிட்டு வரக் கூடாதாம்மா?”

“துக்க வூட்டுலேருந்து யாருடி சொல்லிட்டுக் கெளம்புறா?” என்றார் தர்மாம்பாள். “இந்த டீச்சரம்மா வாராவாரம் சொல்லாமத்தான் போவுது. அவுங்கள ஒருத்தரும் தேடக் காணும்.”

பேராசிரியர் அப்போதுதான் வரப்பில் வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று குடை நிழலில் தெரியவில்லை.

“காயி வெடிச்சுக் கொட்டுது” என்றார் தர்மாம்பாள், யாரிடம் என்றில்லாமல். “நேத்து ராவுல காத்துல சடசடன்னு கேட்டுச்சு. அவுரு தெளிச்சது. கடைசியாத் தெளிச்சது. மண்ணுல கொட்டுறதப் பாத்துக்கிட்டு எப்புடி இருக்குறது?”

குந்தவை ஹெட்போனைக் கழற்றி வரப்பில் வைத்தாள். ராஜ்குமார் வேட்டியை மடித்துக் கட்டினார். நானும் இறங்கினேன். செடி சுலபமாக வந்தது. கையெல்லாம் சுணை ஏறி அரித்தது. பேராசிரியர் குடையை மடக்கி வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வரப்போரமாகக் குனிந்தார். அவர் கை என் கையை விட வேகமாகப் போனது.

“முட்டி வலிக்கும், வாணாம் டீச்சரம்மா” என்றார் தர்மாம்பாள்.

“வலிக்கட்டும். எங்கம்மா நடவு நட்ட வயலு.”

“பொன்னுத்தாயி மவதானே நீங்க. ராஜ்குமாரு சொன்னுச்சு. நான் கட்டிக்கிட்டு வந்த புதுசுல பாத்திருக்கேன். என்னா கொரலு அது! இந்த வரப்புல நின்னு கூப்ட்டா ஆத்தங்கரையில திரும்பிப் பாப்பாங்க.”

“அந்தக் கொரல வச்சுத்தான் இத்தன வருசம் மைக் இல்லாம பாடம் நடத்துனேன்.”

தர்மாம்பாள் ஒரு கும்பலைத் தட்டி அடுக்கினார். பிறகு குனிந்தபடியே சொன்னார்.

“எங்க மாமியா அவுங்களுக்குக் கொல்லைப் பக்கம் வச்சுத்தான் கஞ்சி ஊத்தும். செரட்டையில.”

“தெரியும். பக்கத்துல நான் நின்னுருக்கேன்.”

“நானும்தான் நின்னேன்” என்றார் தர்மாம்பாள். “ஒண்ணும் சொல்லல.”

ராஜ்குமார் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு பிடுங்கினார். வெயில் உச்சிக்கு வந்தது. ஒரு பாத்தி முடிந்ததும் வீட்டுக்கு வந்தோம். தர்மாம்பாள் கைகால் கழுவிவிட்டு, கூடையிலிருந்து முற்றிய நெற்றுகளை அள்ளி, உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதினார். தோல் பறந்தது. கறுப்பு உளுந்து கையில் நின்றது. கவிழ்ந்திருந்த டப்பாவை நிமிர்த்தி அதில் போட்டார். மறுபடி கசக்கினார், ஊதினார், போட்டார். டப்பாவின் அடி மறைகிற வரைக்கும் விடவில்லை.

“காயல இன்னும். ரெண்டு வெயிலு காட்டிட்டு வச்சுக்குங்க” என்று நீட்டினார்.

பேராசிரியர் வாங்கிக் கிளிப்பைப் போட்டார். கார் கிளம்பியதும் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். கும்பகோணம் வந்ததும், “எங்கயாவது நிறுத்து. டீ குடிப்போம்” என்றார். இரண்டு டீ குடித்தார். பஜ்ஜியும் வாங்கிக்கொண்டார். அவருக்கு எண்ணெய்ப் பலகாரம் ஆகாது. அன்றைக்கு எனக்கும் கையெல்லாம் அரித்தது, பசித்தது, வீட்டுக்குப் போய்ப் படுத்ததும் தூங்கிவிட்டேன்.

மே மாதக் கடைசிப் புதன்கிழமையும் போனோம். குந்தவை சென்னைக்குத் திரும்பிப் பல நாள் ஆகியிருந்தது. தினமும் இரண்டு வேளை போன் பேசுகிறாளாம். தர்மாம்பாள் அலுத்துக்கொண்டார். “சாப்ட்டியா சாப்ட்டியான்னு ஒரே தொணதொணப்பு. எனக்கு வேல இல்லயா?” தலை வாரியிருந்தார். வயலில் கோடை உழவு ஓடிக்கொண்டிருந்தது. குறுவை போடுவதா, தண்ணீர் வருமா என்று ராஜ்குமாரும் அவரும் வாசலில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ராஜ்குமார் என்னைப் பார்த்ததும் இடுப்பைத் தட்டிக் காட்டினார். சாவி அங்கேயேதான் இருந்தது.

டப்பாவில் அன்று இட்லி. மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய் தடவி, வாழையிலையைச் சுற்றி வைத்திருந்தார். “அந்த உளுந்துதான்” என்றார். “மாவு நல்லா உபரி காணுது.”

பேராசிரியர் வாசல் வரை வந்து நின்றார். குடையை விரித்தார். பிறகு திரும்பி, சத்தமாக, “போயிட்டு வர்றேன் தர்மாம்பா” என்றார்.

ராஜ்குமாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலைத்திவசம் இன்னும் எவ்வளவோ தள்ளி இருந்தது. தர்மாம்பாள் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார். “வாங்க” என்றார். பிறகு என்னை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஓய்வு பெறும் விழாவில் செம்மொழி இந்தக் கதையை மேடையில் சொன்னாள். அவள் சொன்னபடி, தர்மாம்பாள் பேராசிரியரின் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு உயிர் கொடுத்த தெய்வம் நீங்கள் என்கிறார். நல்ல கைதட்டல். முன்வரிசையிலிருந்து பேராசிரியர் திரும்பி என்னைத் தேடினார். நான் அங்கே நின்றவன். தர்மாம்பாள் யார் கையையும் பிடிக்கவில்லை. உள்ளே போய் இன்னொரு டப்பாவோடு வந்தார். அது அவர்கள் வீட்டு டப்பா. மூடியில் ‘வைத்தியலிங்கம்’ என்று பெயர் வெட்டியிருந்தது. அதிலும் இட்லி. அதை என் கையில் கொடுத்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்:

“ரெண்டு பேருக்கா வடிச்சுக்கிட்டுக் கெடக்காதீங்க தம்பி. புதங்கெழம இத எடுத்துக்கிட்டு வாங்க. வெறும் டப்பாவாக் கொண்டாந்துறாதீங்க.”